விசா முடியும் வரைக்கும்

நான் துபாய் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது.

அன்று விடியற்காலை வழக்கம்போலக் கம்பெனி வண்டியில் போனவர், நான் மத்தியானச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே திரும்பி வந்தார். தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி கையில் இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"என்னாங்க ஆச்சு?"

"வேலைய நிறுத்திட்டாங்க. எங்க சைட்டு மட்டும் இல்ல, வரிசையா எல்லா சைட்டும் நிக்குது. ஒரு மாசத்துல விசா கேன்சல் பண்ணிடுவாங்களாம்."

அது 2008ஆம் ஆண்டின் கடைசி. வெளிநாட்டில் வங்கிகள் விழுந்த செய்தியை விருத்தாசலத்தில் இருக்கும்போதே டிவியில் பார்த்திருந்தேன். யாருக்கோ நடப்பதுபோல் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றியிருந்தேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவருக்கும் சொந்த ஊர் விருத்தாசலம். கல்யாணம் ஆன புதிதில் அவர் பீங்கான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூளைக்குச் சாமான் ஏற்றும் வேலை பார்த்தார். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு மேஸ்திரியிடம் டைல்ஸ் போடக் கற்றுக்கொண்டு, எங்கள் மகள் நடை பழகும் சமயத்தில் துபாய்க்குப் போனார். அங்கே படிப்படியாக உயர்ந்து, டைல்ஸ் போடும் ஆட்களுக்கு ஃபோர்மேன் ஆனார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் பாதி நாள் தூக்கம், பாதி நாள் சொந்தக்காரர் வீடு. நான் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, மகளை வளர்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு தடவையாவது அங்கே வந்து பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டு, ஒருவழியாக விசிட் விசா வந்தது. மகளை வேப்பூரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

எங்கள் இடம் துபாயில் தேரா என்கிற பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஒரு ஹாலைப் பிளைவுட்டால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள். மறுபக்கம் ஒரு மலையாளத் தம்பதி. அந்தம்மா ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். நான் சேச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் கட்டில் போட்டதுபோக, ஒரு ஆள் நின்று சேலை கட்டிக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. நான் வருகிறேன் என்பதற்காகவே அவர் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பை விட்டு இங்கே வந்திருந்தார்.

மூன்று நாள் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான்காம் நாள் காலையில் வாயைத் திறந்தார்.

"உன் டிக்கெட்ட முன்னாடியே போற மாதிரி மாத்திடலாம். நீ கெளம்பு. நான் கணக்கு முடிச்சிட்டு பின்னாலயே வரேன்."

"மாத்த வேணாம். எனக்கு விசா முடியற வரைக்கும் இருப்பேன்."

"இருந்து என்னா பண்ணப் போற?"

"ஊரப் பாக்கணும். அதுக்குத்தான வந்தேன்."

"இங்க பாக்க என்னா இருக்குது? கட்டடம்தான்."

"நீங்க என்னென்ன பாத்திருக்கீங்க?"

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். நான் விடவில்லை. ஊருக்கு நடுவில் தண்ணீர் ஓடும் கிரீக்கைப் படகில் தாண்டியிருக்கிறாரா? இல்லை. தங்க மார்க்கெட்? ஒரு தடவை, தங்கச்சி கல்யாணத்துக்கு நகை வாங்கப் போனதுதான். கடைக்குள் போய் வாங்கிக்கொண்டு உடனே வந்துவிட்டார். கடல்? வண்டியில் போகும்போது தூரத்தில் தெரியும். உலகத்திலேயே உயரமான கட்டடம் இங்கேதான் எழுகிறது என்றார்களே? சைட்டிலிருந்து பார்த்திருக்கிறார். கேம்பு, வண்டி, சைட்டு, வண்டி, கேம்பு. லீவு நாளான வெள்ளிக்கிழமை துணி துவைப்பது, ஊருக்குப் போன் பேசுவது. அவ்வளவுதான் அவர் கண்ட துபாய். வருடக்கணக்கில் இருந்தவர் ஊரில் வந்து "துபாய்ல இருக்கேன்" என்று சொல்லும்போது எங்கள் தெருவில் எல்லோரும் என்னென்னவோ நினைத்திருந்தோம்.

"நீங்க வரலன்னா நான் தனியா போவேன்," என்றேன்.

"தனியாவா? பாஷ தெரியாது, வழி தெரியாது. பேசாம இரு."

நான் பேசாமல்தான் இருந்தேன். அவர் தூங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். "கிரீக்குக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டேன். "இந்த ரோட்டுலயே நேராப் போங்கம்மா. தண்ணி வந்தா அதுதான்," என்றார். வழி அவ்வளவு சுலபமாக இருந்ததில் எனக்குத் தைரியம் வந்தது. மார்கழி மாதம் என்பதால் வெயில் சுடவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கடைப் பெயர்களை அடையாளம் வைத்துக்கொண்டு நடந்தேன்.

தண்ணீர் வந்தது. நான் ஆறு என்று நினைத்தது கடலிலிருந்து ஊருக்குள் புகுந்த ஒரு கை. எங்கள் மணிமுத்தாற்றில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலைத்தான் பார்ப்போம். இங்கே கரை முட்டத் தண்ணீர். கரையோரம் மரக்கப்பல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. அவற்றுக்கு முன்னால், நடைபாதையிலேயே, ஃபிரிட்ஜ்கள், லாரி டயர்கள், மெத்தைகள், பிஸ்கட் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். காவல் இல்லை, கூரை இல்லை. ஈரானுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிற சரக்காம். ஒரு கப்பல் மேல் லுங்கி கட்டிய ஒருவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அது அவர் வீடு என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

கொஞ்சம் தள்ளிப் படகுத்துறை. அப்ரா என்கிற சின்ன மோட்டார் படகுகள் வரிசையாக வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தன. கரைக்கும் படகுக்கும் இடையே தண்ணீர் ஏறி இறங்கியது. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் தாண்டித் தாண்டி ஏறினார்கள். ஒரு படகு போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. இப்படியே திரும்பிப் போனால் அவர் "நான்தான் சொன்னேனே" என்பார். மூன்றாவது படகு வந்ததும் கண்ணை மூடாமல் காலைத் தூக்கி வைத்துவிட்டேன். படகு ஆடியது. படகுக்காரர் வங்காளத்துக்காரர்போல, என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்து, கையை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டார். நடுவில் போகும்போது இரண்டு கரையும் தெரிந்தன. மசூதிக் கோபுரங்களும் கண்ணாடிக் கட்டடங்களும் ஒரே வரிசையில் நின்றன. காற்றில் டீசல் வாடையும் மீன் வாடையும் அடித்தது. சிரிப்பு வந்தது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

அந்தக் கரையில் துணி மார்க்கெட். மரத்தால் கூரை போட்ட சந்து. வட இந்தியக் கடைக்காரர்கள் "அக்கா, வாங்க அக்கா, நல்ல சேலை" என்று தமிழில் கூப்பிட்டார்கள். நான் எதுவும் வாங்கவில்லை. சந்தின் கடைசி வரைக்கும் நடந்தேன், திரும்பினேன், படகு ஏறினேன்.

வீட்டு வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தேடிக் கீழே இறங்கி ஓடியிருக்கிறார் என்று தெரிந்தது.

"எங்க போன?"

"அக்கரைக்கு."

"அக்கரைக்கா? படகுலயா?"

"பின்ன நீந்தியா போவ முடியும்?"

அவர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் சேச்சி இருந்தார் என்பதாலோ என்னவோ கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "நாளிக்கித் தனியா போவாத. நானும் வரேன்," என்றார். எனக்கு வேண்டியது அதுதான்.

மறுநாள் மசாலா மார்க்கெட்டுக்குப் போனோம். சந்துக்குள் நுழைவதற்கு முன்பே சாம்பிராணி வாசனை வந்தது. கோணிச் சாக்குகளின் வாயை மடித்துவிட்டுக் காயவைத்த ரோஜா மொட்டு, கறுத்துப்போன முழு எலுமிச்சை, பட்டை, மஞ்சள், பெயர் தெரியாத வேர்கள் என்று வைத்திருந்தார்கள். கடைக்காரர்கள் பாதிப் பேர் ஈரானியர்கள். ஒருவர் குங்குமப்பூ டப்பாவைத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டி, "வணக்கம், நல்லா இருக்கா?" என்றார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்காம மோந்து பாத்தா திட்டுவாங்க. வா."

"அவங்கதான் நீட்டறாங்க. நீங்களும் மோந்து பாருங்க."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, காய்ந்த எலுமிச்சை ஒன்றை எடுத்து முகர்ந்தார். கேம்பில் சமைக்கும் பாகிஸ்தானி ஒருவர் கறிக் குழம்பில் இதைப் போடுவார் என்றும், அது என்ன காய் என்று இத்தனை நாள் தெரியாமலே சாப்பிட்டதாகவும் சொன்னார். வேலை போன பிறகு அவர் தானாகச் சொன்ன முதல் விஷயம் அது.

தங்க மார்க்கெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மாதிரியே செய்த நகை தொங்கியது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தங்கம். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். கையில் ஒன்றும் இல்லாதபோது மனைவியை இங்கே கூட்டி வந்தோமே என்று நினைக்கிறார் என எனக்குப் புரிந்தது. நான் வேண்டுமென்றே ஒவ்வொரு கண்ணாடி முன்னாலும் நின்றேன்.

"இதப் போட்டுக்கினு எப்படிங்க பஸ்ஸு ஏற முடியும்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து அந்தத் தங்கச் சட்டையைப் பார்த்தார். "டிரைவரு எறங்கி ஓடிப்பூடுவான்," என்றார். பிறகு நடை கொஞ்சம் மெதுவானது.

அடுத்தடுத்த நாட்களில் பழைய கோட்டையில் இருக்கும் மியூசியத்தைப் பார்த்தோம். முத்துக் குளிப்பவர்களும் பேரீச்சம்பழம் விற்பவர்களும் பொம்மைகளாக நின்ற நிலவறையில் சுற்றினோம். அதற்குப் பக்கத்திலேயே மண் நிறத்தில் பழைய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கு மேலேயும் நான்கு பக்கமும் திறந்த சதுரக் கோபுரம். மின்சாரம் வராத காலத்தில் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குவதற்காம். ஒரு வீட்டில் அந்தக் கோபுரத்துக்கு நேர் கீழே போய் அவர் நின்றார். "இங்க வந்து நில்லு," என்று கூப்பிட்டார். மேலிருந்து குளுகுளுவென்று காற்று இறங்கி என் முக்காட்டைத் தள்ளியது. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்துகொண்டு வெகுநேரம் நின்றோம்.

பழைய இடங்களில் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. புதிய இடங்கள் என்றதும் மறுபடி முரண்டு பிடித்தார். வெயில் நாட்டில் பனிமலை செய்து வைத்திருக்கும் மால் ஒன்று இருக்கிறது, கட்டாயம் பாருங்கள் என்று சேச்சி சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அங்கல்லாம் வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வுடேன்."

நான் விடவில்லை. அன்று முழுக்கக் கேட்டேன். கடைசியில் சொன்னார். வந்த புதிதில் ஒரு நாள் சாயந்தரம், சினேகிதர்கள் நான்கு பேரோடு வேறு ஏதோ ஒரு கடை வளாகத்துக்குப் போயிருக்கிறார். சைட்டிலிருந்து நேரே போனதால் எல்லோரும் கம்பெனி உடுப்பில் இருந்தார்கள். வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்து, போகச் சொல்லிவிட்டான். உள்ளே போகிற குடும்பங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அதற்குப் பிறகு அவர் எந்த மாலுக்கும் போனதில்லை.

"அவனும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவன்தான். அவனச் சொல்லிக் குத்தம் இல்ல," என்றார். "ஆனா நெனச்சா இன்னும் உள்ள எரியுது."

நான் எழுந்து, தீபாவளிக்கு அவருக்கென்று எடுத்து ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த புதுச் சட்டையைப் பிரித்தேன். சேச்சியிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்தேன். நானும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன்.

"கெளம்புங்க."

"சொன்னது காதுல வுழலியா?"

"வுழுந்துது. அதான் கெளம்பச் சொல்றேன். தடுத்தா திரும்பி வந்துடுவோம். தடுக்கறானான்னு பாத்துட்டு வருவோம்."

பஸ்ஸில் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார். மால் வாசலில் அவர் கால் நின்றது. நான் அவருக்கு முன்னால் நடந்தேன். வாசலில் நின்றவர் கதவை இழுத்துத் திறந்து, "வெல்கம்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. உள்ளே போய்க் கொஞ்ச தூரத்துக்கு அப்புறம்தான் என் வீட்டுக்காரர் மூச்சு விட்டார்.

பனிமலைக்கு உள்ளே போக நாங்கள் சீட்டு வாங்கவில்லை. பெரிய கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே பிள்ளைகள் மெத்தை மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு சறுக்கி விழுந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபுத் தகப்பனார், மேலே கோட்டு மாட்டிக்கொண்டு மகனை ரப்பர் வளையத்தில் வைத்துத் தள்ளினார். கண்ணாடியைத் தொட்டால் குளிர்ந்தது. எங்கள் மகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பேசிக்கொண்டோம். அவர் அங்கேயே இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், நான் கேட்காமலே சொன்னார்: "இன்னொரு மால் இருக்குது. அந்தப் பெரிய கட்டடத்துக்குப் பக்கத்துல. தொறந்து கொஞ்ச நாளுதான் ஆவுது. அதுல நான் வேல செஞ்சிருக்கேன்."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"வேல நடக்கும்போது பின்வாசல்ல போவோம், பின்வாசல்ல வருவோம். தொறந்தப்புறம் போவல."

"நாளிக்கிப் போவலாம்."

இந்தத் தடவை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மால் எங்கள் ஊரில் ஜங்ஷனிலிருந்து பாலக்கரை வரைக்கும் இருக்கும்போலத் தோன்றியது. இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் சுறாக்கள் நீந்தின. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு திருப்பம், ஒரு நகரும் படிக்கட்டு, மறுபடி ஒரு திருப்பம். கடைகள் முடிந்து, கழிவறைக்கும் தொழுகை அறைக்கும் போகிற ஒரு நீளமான நடையில் வந்து நின்றார்.

"இதான்," என்றார்.

சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய டைல்கள். எனக்குத் தெரிந்து அதில் சிறப்பாக ஒன்றும் இல்லை. அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, இரண்டு டைல்களுக்கு நடுவில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்து நீளத் தடவினார். விரல் எங்கேயும் இடறவில்லை. பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒரு காவலாளி எங்களை நோக்கி வந்தார். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று இந்தியில் கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, இந்தியில் ஏதோ சொன்னார். காவலாளி தரையைப் பார்த்தார். நடையின் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"என்னா சொன்னீங்க?"

"இது நானும் எங்க ஆளுங்களும் போட்டதுன்னு சொன்னேன். நல்லாருக்குதுன்னான்."

அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தோம். அந்த நடையைப் போடும்போது ஏசி வரவில்லை, வியர்வை சொட்டி டைல் ஈரமாகும், அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டோம் என்றார். ஆந்திராக்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டே பாடுவார், அந்த நடையில் எதிரொலிக்கும் என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றுதான். போனில் நாங்கள் பேசியதெல்லாம் மகளின் காய்ச்சல், ஸ்கூலு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதாகவே இருந்தது.

"நம்ம ஊர்ல இப்ப எல்லா வூட்டுலயும் டைல்ஸ்தான் போடறாங்க," என்றேன்.

"ம்."

"கோணலும் மாணலுமா போட்டு வச்சிருக்காங்க. எங்க அக்கா வூட்டு பாத்ரூம்ல தண்ணி வெளிய போவாம வாசப்பக்கம் வருது."

"சரிவு வைக்கத் தெரியாதவன் போட்டிருப்பான்."

"உங்களுக்குத் தெரியும் இல்ல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேற கம்பெனியில சேரலாம்னு பாக்கறேன். சவுதி, கத்தாருன்னு ஏஜென்ட்டு சொல்றான்."

"வேணாங்க. ஊர்லயே போடுங்க. நான் கூட வரேன். கலவ கலக்கறேன், கயிறு புடிக்கறேன். நான் ஒண்டியா இருந்தது போதும்."

நான் யோசித்து வைத்துச் சொன்னதில்லை அது. ஆனால் சொன்னதும், இனி இதிலிருந்து பின்வாங்குவதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. வெளியே வந்து, அந்த உயரமான கட்டடத்தின் கீழே நின்று கழுத்து வலிக்க மேலே பார்த்தோம். உச்சியில் இன்னும் கிரேன் இருந்தது. "மொதல்ல சின்ன வேலையாதான் கெடைக்கும்," என்றார், அண்ணாந்தபடியே.

அதன்பிறகு ஊர் சுற்றுவதில் அவர்தான் முந்திக்கொண்டார். காலையில் மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், அங்கே ஹமூர் என்று சொல்லும் மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினார். அன்று நான் வைத்த குழம்பைச் சேச்சி வீட்டாரும் சாப்பிட்டார்கள். பாய்மரம் மாதிரிக் கட்டிய ஓட்டலைக் கடற்கரை மணலில் நின்று பார்த்தோம். கடைசி வாரம், நைஃப் என்கிற பகுதியில் சாமான் கடைகள் இருக்கும் பழைய தெருவுக்குப் போனோம். எனக்கு ஒரு வளையலாவது வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு கடை முன்னால் நின்றார். டைல் வெட்டும் கை மெஷின் ஒன்று வெளியே வைத்திருந்தார்கள். நீளமான இரும்புத் தண்டவாளம், நடுவில் சின்னச் சக்கரம். அதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டு நடந்தார்.

"வாங்குங்க," என்றேன்.

"அப்ப வளையலு?"

"வளையல வச்சி டைல் வெட்ட முடியுமா?"

மெஷினையும், தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தையும், ரப்பர் சுத்தியலையும், டைலுக்கு நடுவில் இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டுகளையும் வாங்கினோம். அவருடைய கணக்கு முடிந்து, இரண்டு பேரும் ஒரே விமானத்தில் திரும்பினோம். சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த இரும்பைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளச் சொன்னார்.

விருத்தாசலத்தில் பெட்டி பிரிக்கும்போது சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சோப்பு, பேரீச்சம்பழம், மகளுக்கு ஒரு கவுன், மேலாக இருந்த இவையெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. அடியில் இருந்த மெஷினை நாத்தனார் தொட்டுப் பார்த்தார்.

"துபாய்லேர்ந்து இரும்பத் தூக்கினு வந்திருக்கீங்களே அண்ணி."

"ஆமாங்க. அதான் எடை போட்டுது," என்றேன்.

"அண்ணன் எப்பத் திரும்பிப் போவும்?"

"போவ மாட்டாரு."

மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். ஊரில் துபாய்க்குப் போனவர் திரும்பிப் போகவில்லை என்றால், அங்கே ஏதோ தப்பு செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். அடுத்த சில மாதங்கள் அந்த அர்த்தத்தை நாங்கள் கடைத்தெருவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் சந்தித்தோம். வேலை கேட்டுப் போன இடங்களில், "துபாய் ரேட்டு எங்களுக்குக் கட்டாதுப்பா" என்று பேச்சை முடித்தார்கள். ஏஜென்ட் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாவது தடவை என் வீட்டுக்காரர் வெகுநேரம் பேசிவிட்டு வந்து, "கத்தாருல இடம் இருக்குதாம்" என்றார். நான் மெஷினை எடுத்து வாசலில் வைத்து எண்ணெய் விட ஆரம்பித்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அதிகமா வுடாத, சக்கரம் வழுக்கும்," என்று துணியை வாங்கித் தானே துடைத்தார்.

முதலில் அக்கா வீட்டுக் குளியலறையை உடைத்து மறுபடி போட்டோம். வேப்பூரில் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் நெடுஞ்சாலை ஓட்டலுக்குச் சாப்பிட வரும் லாரி முதலாளி ஒருவர் அதைக் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சமையல்கட்டும் குளியலறையும் போட்டுத் தரச் சொன்னார். அது சரியாக வந்தால்தான் ஹால் என்றார்.

நான் கலவை கலக்கினேன். சேலைக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தரையில் கோடு போடும் சுண்ணாம்புக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். மேஸ்திரி பொண்டாட்டியை வேலைக்குக் கூட்டி வந்திருக்கிறான் என்று கொத்தனார்கள் சிரித்தார்கள். முதல் நாள் சாயந்தரம் என் விரல் இடுக்கெல்லாம் சிமென்ட் அரித்துப் புண்ணாகிவிட்டது. "நாளிக்கி வராத," என்றார். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போனேன்.

வேலை முடிந்த அன்று முதலாளி வந்தார். ஒரு குடம் தண்ணீரை எடுத்துக் குளியலறையின் வாசலோரம் ஊற்றினார். தண்ணீர் பரவி ஒரு நொடி தயங்கியது. பிறகு மொத்தமாக மூலைக் குழியைப் பார்த்து ஓடியது. அவர் இன்னொரு மூலையில் இன்னொரு குடம் ஊற்றினார். அதுவும் அங்கேயே போனது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்து பார்த்தார்.

"ஹாலுக்கு டைல் எறக்கிடறேன். திங்கக்கெழமை வந்துடுங்க," என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும் வருவீங்க இல்லம்மா?" என்று கேட்டார்.

"வருவேங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் மெஷினைக் கோணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். விருத்தாசலம் பஸ்ஸு தேரடியில் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு, ரசமட்டத்தையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.